கார்ப்பெட் கழுவின பிறகு ஈரவாடை போகவே இல்லை, என்ன செய்யலாம்?

அடையாறுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஹாலில் ஒன்பதுக்கு ஆறு அடியில் ஒரு கம்பளி கார்ப்பெட் போட்டிருக்கிறோம். கைவினைக் கண்காட்சியில் வாங்கியது, உத்தரப்பிரதேசத்தில் பதோஹியில் செய்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் சுத்தம் செய்ய வீட்டுக்கே வரும் ஒரு சர்வீஸைக் கூப்பிட்டேன். நுரையைக் கொட்டி மிஷினால் தேய்த்தார்கள், கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். இப்போது மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் குனிந்தால் ஈரச்சாக்கு வாடை தூக்குகிறது. இன்னொன்று, ஓரத்தில் குழம்பு கொட்டின மஞ்சள் கறை ஒன்று இருந்தது, அவர்கள் சோப்பு போட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. பையனுக்கு இளைப்பு (ஆஸ்துமா) வேறு உண்டு. மழைக்காலம், வெயிலையே காணோம். யாராவது வழி சொல்லுங்கள்.

பவானிக்கரை:
அக்கா, முதலில் ஒரு மூலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் இருக்கிற டிசைன் பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறதா, இல்லை முழுக்க ஒரு துணி ஒட்டியிருக்கிறதா?

அடையாறுக்காரி:
துணிதான் ஒட்டியிருக்கிறது. கெட்டியான வெள்ளைத் துணி. மடக்கினால் தரையில் வெள்ளையாக மாவு மாதிரி உதிர்கிறது.

சாயப்பட்டறை:
அப்படியானால் அது முடிச்சு போட்டு நெய்தது இல்லை, டஃப்டிங் என்று சொல்கிற வகை. பதோஹி பக்கம் இரண்டு வகையும் செய்கிறார்கள், அதனால் விற்றவர் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். முடிச்சு வகையில் ஒவ்வொரு கம்பளி இழையையும் நீளவாட்டில் கட்டிய பாவு நூலில் கையால் முடிந்து, குறுக்கே ஊடை நூலை ஓட்டி, தட்டி இறுக்கிக்கொண்டே போவார்கள். டஃப்டிங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு துணிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் கம்பளியைக் குத்திக் குத்தி ஏற்றி, அது கழன்று வராமல் இருக்கப் பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். அந்தப் பசையில் கெட்டிக்காகச் சுண்ணாம்புக்கல் மாவு கலப்பார்கள். உங்களுக்கு உதிர்கிற மாவு அதுதான். பசை வயசாகி நொறுங்க ஆரம்பித்திருக்கிறது, அல்லது முதலிலேயே மாவை அதிகம் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது வாடைக்கு வருகிறேன். மேலிருந்து ஊற்றின தண்ணீர் கம்பளி வழியாக இறங்கி, முதல் துணியில் ஊறி, பசைக்கு மேலே தேங்கி நிற்கிறது. கீழே போக வழி இல்லை. மேலே வரத்தான் வேண்டும், ஆனால் மேலே கம்பளி அடர்த்தியாக இருக்கிறது. கம்பளிக்கு இன்னொரு குணம் உண்டு, தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டும் கைக்குக் காய்ந்த மாதிரியே இருக்கும். அதனால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மேலே விரித்து, நான்கு பக்கமும் கனமான புத்தகங்களை வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஈரம் இருந்தால் இன்றே தரையிலிருந்து தூக்குங்கள். டைல்ஸ் மேல் கிடக்கிற வரை அது காயாது. கயிற்றுக்கட்டில் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, இல்லாவிட்டால் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்து அதன் மேல் தட்டையாகப் போடுங்கள். கொடியில் மடித்துத் தொங்கவிடாதீர்கள், ஈரமாக இருக்கும்போது பசை விட்டுப்போய் மடிப்பிலேயே துணி பிரிந்து வரும். அடியில் ஒரு டேபிள் ஃபேன், மேலே சீலிங் ஃபேன், ஏசியில் டிரை மோட் இருந்தால் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதையும் ஓடவிடுங்கள். மழைநாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காயும் என்று நினைக்கிறோம், வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது உதவாது. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதனால்தான் அவசரம்.

காய்ந்த பிறகும் வாடை இருந்தால், வெள்ளை வினிகர் ஒரு பங்கு தண்ணீர் நாலு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, மேல்மயிர் மட்டும் லேசாக ஈரமாகிற அளவுக்கு அடித்துவிட்டு மறுபடி ஃபேன் போடுங்கள். வினிகர் வாடை தானாகப் போய்விடும். முதலில் ஒரு மூலையில் அடித்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்மாமி:
இவ்வளவு எதற்கு, சமையல் சோடா மாவைத் தூவி அதன் மேல் வினிகர் அடித்தால் நுரைத்துக்கொண்டு எல்லாம் போய்விடுமே. நிறைய வீடியோவில் காட்டுகிறார்கள்.

சாயப்பட்டறை:
அம்மா, தயவுசெய்து இதை ஈரமாக இருக்கிற கார்ப்பெட்டில் செய்ய வேண்டாம். சோடா மாவு காரம், வினிகர் அமிலம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கடைசியில் ஒரு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும், நுரையெல்லாம் வெறும் கார்பன் டை ஆக்சைடு. அந்த உப்பு நூலின் அடியில் தங்கிவிடும். சோடா மாவைத் தனியாகத் தூவினாலும் அது ரொம்ப நைசு, இறங்கி அடியில் உட்கார்ந்துகொள்ளும், வாக்குவம் கிளீனரில் முழுக்க வராது, வருகிற கொஞ்சமும் ஃபில்டரை அடைக்கும். கம்பளிக்குக் காரமே ஆகாது. பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் மாதிரி செயற்கை நூலாக இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை, அதுவும் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டும்.

லண்டன்குளிர்:
இங்கே இங்கிலாந்தில் எங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட்தான், படிக்கட்டில்கூட. வாடகை வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், நாம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் இதை நிறையவே செய்து பார்த்திருக்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் வாடகைக்குக் கிடைக்கிற மிஷினை எடுத்தால் எல்லோரும் தண்ணீர் பீய்ச்சுகிற பொத்தானையே அழுத்திக்கொண்டு போவார்கள். தண்ணீர் ஒரு தடவை விட்டால், பொத்தானை விட்டுவிட்டு வெறுமனே உறிஞ்ச மட்டும் அதே இடத்தில் மூன்று நாலு தடவை இழுக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருவது நிற்கிற வரைக்கும். பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குப் பாதி ஷாம்பு போதும். கடைசியில் ஷாம்பு இல்லாத வெறும் வெந்நீரால் ஒரு முறை அலசி உறிஞ்ச வேண்டும். சோப்பு உள்ளே தங்கினால் பிசுபிசுவென்று இருந்து புதுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கழுவின கொஞ்ச நாளிலேயே முன்னைவிட அழுக்காகத் தெரிவது அதனால்தான். மாலதி அக்கா வீட்டுக்கு வந்தவர்கள் அலசவே இல்லை போலிருக்கிறது.

இங்கே வாடகைக்கு இருக்கிற தமிழ் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1 ஜூன் 2019 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைக் கட்டணச் சட்டப்படி, காலி செய்யும்போது புரொஃபெஷனல் கிளீனிங்குக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்த முடியாது. வரும்போது இருந்த அளவு சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதனால் குடிவந்த அன்றே கார்ப்பெட் முழுவதையும் போட்டோ எடுத்து வையுங்கள், சோபாவுக்கு அடியிலும் சேர்த்து.

அடையாறுக்காரி:
என் பெயர் மாலதி இல்லை, ஆனால் பரவாயில்லை. ஷீட் போட்டுப் பார்த்தேன், அடியில் வியர்த்துத்தான் இருந்தது. இப்போது நாற்காலி மேல் ஏற்றி ஃபேன் போட்டிருக்கிறோம். அந்தச் சிவப்புக் கறைக்கு என்ன செய்யட்டும்?

சாயப்பட்டறை:
ஆரத்தி கரைப்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா, உங்கள் கார்ப்பெட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அவர்கள் போட்ட சோப்பு காரமானது. கம்பளிக்குக் காரமான சோப்பைப் போட்டார்கள் என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. வினிகர் தண்ணீரால் ஒற்றினால் சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் நிறம் திரும்பும். பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

மஞ்சளைப் போக்குவது அடுத்த வேலை. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள், பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை பரவுவதோடு நூல் முறுக்கு பிரிந்து அந்த இடம் மட்டும் பஞ்சாகத் தெரியும். ஸ்பிரிட் பசை வரை இறங்கக் கூடாது, அதனால் கொஞ்சமாக. அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம்.

மிச்சம் இருக்கிற மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் வெளிச்சத்தில் வெளிறிப்போகும், வேட்டியில் பட்ட மஞ்சள் கறை மாடியில் காயப்போட்டால் மங்குவது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஆனால் கார்ப்பெட்டின் மற்ற சாயங்களும் வெயிலில் வெளுக்கும். அதனால் கறை இருக்கிற இடத்துக்கு மட்டும் ஓட்டை வெட்டின ஒரு அட்டையையோ கெட்டித் துணியையோ மேலே போட்டு மூடி, ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். மழை விட்ட பிறகு செய்தால் போதும்.

பிளீச் பக்கமே போகாதீர்கள். கம்பளி இழையைப் பிளீச்சில் போட்டு வைத்தால் கரைந்தே போகும். கறை நீக்கும் என்சைம் சேர்த்த சலவைத்தூளும் வேண்டாம். கம்பளியும் பட்டும் புரதம், முட்டை, ரத்தக் கறையைத் தின்கிற என்சைம் அவற்றையும் தின்னும்.

திருநெல்வேலிச்சீமை:
உண்மையில் நம் ஊர் சீதோஷ்ணத்துக்கு இந்த மாதிரி மயிர் வைத்த கார்ப்பெட் தேவையா என்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. பத்தமடைக் கோரைப்பாயோ ஜமக்காளமோ போட்டால் உதறலாம், துடைக்கலாம், கழுவலாம். அதிலும் இளைப்பு இருக்கிற குழந்தை வீட்டில்.

பவானிக்கரை:
நாங்கள் ஜமக்காளம் நெய்கிற ஊர்க்காரர்கள், அதனால் எனக்கு இது சந்தோஷமான பேச்சு. ஆனால் அதையும் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்குப் பிறகும் விசைத்தறியில் ஓட்டின மெல்லிசான போலிகள் அதே பெயரில் விற்கின்றன. குழித்தறியில் கெட்டியான பருத்தி நூலால் நெய்த பட்டைக்கோடு ஜமக்காளம் கையில் எடுத்தாலே கனம் தெரியும். கலியாணப் பந்தியில், கோயில் திண்ணையில் வருஷக்கணக்கில் உழைக்கிற சாமான் அது.

கழுவும்போது முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் மட்டும். சிவப்பும் பச்சையும் சாயம் விடும். ஊற வைக்காதீர்கள், ஊறினால் ஒரு கோட்டின் சாயம் பக்கத்துக் கோட்டில் ஏறும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். நெய்வதற்கு முன்னால் நூலுக்குச் சாயம் ஏற்றுகிற தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, வீட்டில் கழுவும்போது போடுகிற உப்பு ஒன்றும் செய்யாது. நனைந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாத கனம் வரும், அதனால் மாடியிலேயே சாய்வான இடத்தில் விரித்து, மென்மையான பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்து, குழாய் வைத்து அலசி, துடைப்பக் கட்டையால் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் நிழலில், கைப்பிடிச் சுவர் மேல். ஒரு நாள் கழித்துத் திருப்பிப் போட வேண்டும். ஆர்ட் சில்க் என்கிற செயற்கைப் பட்டில் கரை வைத்தது என்றால் பிரஷ்ஷே வேண்டாம், நனைந்தால் அந்த நூலுக்குப் பலம் குறைந்துவிடும்.

குழந்தைமருத்துவச்செவிலி:
இளைப்பு விஷயத்தில் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டுத் தூசியில் இருக்கிற டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் பல குழந்தைகளுக்குப் பிரச்சினை. பூச்சி கடிப்பதில்லை, அதன் எச்சம்தான் மூச்சில் போய் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது சுகமாக வளரும், சென்னையில் வருஷம் முழுக்க பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதனால் சரியாகக் காயாத கார்ப்பெட் அந்தப் பையனுக்கு இரண்டு விதத்தில் கெடுதல், பூஞ்சையும் உண்டு, மைட்டும் உண்டு. வாக்குவம் போடும்போதும் போட்ட சிறிது நேரத்துக்கும் பையன் அந்த அறையில் இருக்கக் கூடாது, சாதாரண ஃபில்டர் நுண்தூசியைப் பின்பக்கமாகக் காற்றில் விட்டுவிடும். நுண்தூசியையும் பிடித்து வைக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கிற மிஷின் நல்லது. படுக்கை அறையில் கார்ப்பெட் வேண்டவே வேண்டாம். தலையணை உறை, போர்வையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், மைட் சாகும். இளைப்பு அதிகமானால் டாக்டரிடம் காட்டுங்கள், கார்ப்பெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

குவைத்மணல்:
இங்கே வீட்டுக்குள் வருகிற மணலை ஊரில் இருப்பவர்களால் நம்பவே முடியாது. கார்ப்பெட்டைக் கெடுப்பதில் கறையைவிட மணல் மோசம் என்பது என் அனுபவம். பொடி மணல் அடிவரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் நூலின் வேரை அறுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் அதை வெளியே எடுக்காவிட்டால் உள்ளேயே சேறாகிவிடும். நான் செய்வது இதுதான். சின்ன கார்ப்பெட் என்றால் குப்புறத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வாக்குவத்தை ஓட்டுவேன், அதிர்வில் மணல் தரையில் கொட்டும். கார்ப்பெட்டை மடக்கி எடுத்தால் கீழே எவ்வளவு மணல் என்று தெரியும். அதைக் கூட்டிவிட்டு மறுபடி அதே வேலை, மணல் நிற்கிற வரைக்கும். அப்புறம்தான் முன்பக்கம், மெதுவாக, இரண்டு திசையிலும் இழுத்து, கடைசியில் மயிர் சாய்கிற பக்கமாக. குஞ்சத்தின் மேல் வாக்குவம் படக் கூடாது, சுழலும் பிரஷ் அதைச் சுருட்டி இழுத்துப் பிய்த்துவிடும். பெரிய கார்ப்பெட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைகால் மாற்றிப் போட்டால் நடை தேய்வும் வெயிலும் ஒரே பக்கம் விழாது.

சாயப்பட்டறை:
குவைத் அண்ணன் சொன்னது முடிச்சுக் கார்ப்பெட்டுக்கும் மிஷின் நெசவுக்கும் மிகச் சரி. உதிர்கிற டஃப்டிங்கைக் குப்புறப் போட்டு அதிரவிட வேண்டாம், மாவு இன்னும் கொட்டும்.

அம்பத்தூர்காற்று:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் கார்ப்பெட்டில் சோபாவுக்கு அடியில் மட்டும் வழுக்கை விழுந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. பழுப்பு நிறத்தில் ரோமம் உள்ள சின்னப் புழுக்களும் அதன் காய்ந்த தோலும் கிடக்கின்றன. அந்துருண்டை போட்டால் போதுமா?

பவானிக்கரை:
அது கார்ப்பெட் வண்டின் புழு. கம்பளி, பட்டு, இறகு, முடி இதெல்லாம் அதற்குத் தீனி. வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத இடத்தில்தான் இருக்கும், அதனால் சோபாவை நகர்த்தாத வீட்டில் அதிகம். செயற்கை நூலைத் தின்னாது. அந்துருண்டை மூடின பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த ஹாலில் ஆவி கலைந்துபோகும், நாம் சுவாசிப்பதுதான் மிச்சம். ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கிற ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருக்கிற குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கிற நாப்தலின் ரத்த அணுக்களை உடைத்துவிடும், குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். சோபாவை நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் வாக்குவம் போடுங்கள், சுவரோரத்து இடுக்கு, கதவுக்குப் பின்னால் சேர்கிற முடி எல்லாவற்றையும் எடுத்து, அந்தக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சில வாரத்துக்கு இதை விடாமல் செய்ய வேண்டும், முட்டை பொரிந்து வந்துகொண்டே இருக்கும். சின்ன விரிப்பாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும்.

வேளச்சேரிமாடி:
வெள்ளத்தில் நனைந்த கார்ப்பெட் பற்றி யாரும் பேசவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் எங்கள் தெருவில் தரைத்தள வீடுகளில் எல்லோரும் கார்ப்பெட்டையும் மெத்தையையும் காயவைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். சாக்கடை கலந்த தண்ணீர் ஏறின கார்ப்பெட்டை வைத்துக்கொள்ள வேண்டாம், என்ன விலை கொடுத்து வாங்கினாலும். உள்ளே போன கிருமி கழுவினாலும் வெளியே வராது. மனசு கேட்காதுதான், ஆனால் அதே தரையில்தான் குழந்தை தவழும். மழைத்தண்ணீர் மட்டும் ஜன்னல் வழியாக வந்து நனைந்தது என்றால் மேலே சொன்ன மாதிரி உடனே தூக்கிக் காயவைக்கலாம்.

அடையாறுக்காரி:
வாடை பெருமளவு குறைந்துவிட்டது, சிவப்பும் வினிகரில் போய்விட்டது. பையன் அறையில் இருந்த சின்ன கார்ப்பெட்டை எடுத்துவிட்டேன். ஹாலில் இருப்பதை மழை முடிகிற வரை சுருட்டி வைக்கலாமா? அடுத்த முறை சர்வீஸைக் கூப்பிடும்போது என்ன கேட்க வேண்டும்?

சாயப்பட்டறை:
ஷீட் சோதனையில் ஒரு துளிகூட வியர்க்காமல் இருந்தால் மட்டும் சுருட்டுங்கள். டஃப்டிங் என்பதால் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி, ஒரு பிவிசி குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டுங்கள், மயிர் உள்ளே போனால் பின்பக்கப் பசை அதிகமாக இழுபட்டு வெடிக்கும். பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டாம், பழைய பருத்திப் புடவை போதும். நிமிர்த்தி வைக்காமல் படுக்கை வசமாக, தரையில் படாமல்.

சர்வீஸைக் கூப்பிடும்போது, வருகிறவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள், பார்க்காமல் விலை சொன்னால் விட்டுவிடுங்கள். கம்பளிக்கு என்ன சோப்பு, அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டுகிற எண்) என்ன, கடைசியில் அலசுவீர்களா, காயவைக்க ஃபேன் கொண்டு வருவீர்களா, இவ்வளவும் போனிலேயே கேட்கலாம். பாம்பூ சில்க், விஸ்கோஸ் என்று விற்கிற பளபளப்பான கார்ப்பெட் வீட்டில் இருந்தால் அதைத் தண்ணீரே காட்டாமல் செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். நாள் குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து மாசி, பங்குனியில் வையுங்கள். பட்டறைக்கு எடுத்துப் போகிறார்கள் என்றால் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுத்து, ரசீதில் நீள அகலத்தையும் இருக்கிற கறைகளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.